10 செக்கன் பின்னே போகும் அம்பு: ஒரு ஐ.ஈ.எல்.டி.எஸ். பயிற்சி ஆப்போடு பழகிய கதை

வெளிநாடு போக எழுதுகிற ஆங்கிலப் பரீட்சையான ஐ.ஈ.எல்.டி.எஸ். பயிற்சிக்கு நான் வைத்திருக்கும் ஆப்பின் வருடக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அறிவிப்பு வந்ததிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, "அண்ணே, இப்ப வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி முடியாது என்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஆப்பின் பெயரைப் போடவில்லை. வைத்திருப்பவர்களுக்கு அந்த அம்புக்குறியைச் சொன்னாலே விளங்கிவிடும்.

எத்தனை பயிற்சித் தாள், எத்தனை எம்.பி., எந்தப் போனில் ஓடும் என்பதெல்லாம் பிளே ஸ்டோரிலேயே இருக்கிறது. கேட்டல், வாசிப்பு இரண்டுக்கும் மட்டும்தான் நான் இதைப் பாவித்தேன். எழுதுவதற்கும் பேசுவதற்கும் உயிருள்ள ஆள் ஒருவர் திருத்த வேண்டும் என்பது என் கட்சி. இதை வைத்துப் படித்துப் பரீட்சையும் எழுதினேன், 9-க்குக் கேட்டலில் 7.5, வாசிப்பில் 6.5 வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலையில் நாலைந்து பேருக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக வைத்திருக்கிறேன்.

சரி, அம்புக்கு வருவோம்.

கேட்டல் பரீட்சையில் ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும். நான்கு பகுதி, 40 கேள்வி, ஏறக்குறைய 30 நிமிடம். காதில் விழாமல் போனது போனதுதான். யாரையும் "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்க முடியாது. இந்த ஆப்பிலோ திரையின் அடியில், கட்டைவிரல் தானாகப் போய் நிற்கிற இடமாகப் பார்த்து, 10 செக்கன் பின்னே கொண்டுபோகும் அம்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள். மறைக்க வழியில்லை. செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கலாம், திரையைக் கறுப்பாக்கலாம், மணி அடிக்க வைக்கலாம். அம்பு மட்டும் அசையாது.

இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்கலாம். முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் விடுதிக்குப் போன் போடுகிறார். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்கிறார். அன்று அறை இல்லை என்கிறார்கள். புதனா என்று யோசித்து, அதுவும் சரிவராமல், கடைசியில் வியாழன் என்று முடிக்கிறார். செவ்வாய் என்றவுடன் எழுதிவிட்டு நிமிர்ந்தவருக்கு ஒரு புள்ளி போச்சு. அவர் அடித்து எழுதத் தடுமாறும் நேரத்தில் அடுத்த விடையான போன் நம்பர் ஓடிவிடும். இரண்டாவது புள்ளியும் போச்சு. பரீட்சைக்கு வேண்டிய பழக்கமே இதுதான்: விட்டதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குக் காதைக் கொடுப்பது. அந்த ஒரு பழக்கத்தை இந்த அம்பு வரவே விடாது. ஞாயிறு வகுப்பில் பார்க்கிறேன், பிள்ளைகளின் கண் கேள்வியில் இருக்கிறது, விரல் அம்பில் இருக்கிறது. ஆப்பில் 36 எடுக்கிற பிள்ளைக்கு நான் ஸ்பீக்கரில் ஒரே தடவை போட்டுக் காட்டினால் 25 தாண்டுவதில்லை.

அம்பு இல்லாத ஒரு வழியும் உள்ளேயே உண்டு. 'பரீட்சை முறை' என்று தனியாக வைத்திருக்கிறார்கள். ஒலி நிற்காது, பின்னே போகாது, நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல வேலை. ஆனால் முதல் கேள்வி தொடங்கி கடைசிக் கேள்வி வரைக்கும் இன்டர்நெட் அறுபடாமல் இருக்க வேண்டும். டவுன்லோட் செய்து வைத்துக் கேட்கிற வசதி சாதாரண முறைக்கு மட்டும்தான், அதாவது அம்பு இருக்கிற முறைக்கு.

எங்கள் பக்கத்தில் சிக்னல் எப்படி என்று மலைநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேயிலை ஸ்டோருக்கு (தொழிற்சாலைக்கு) மேலே ரோட்டு வளைகிற இடத்தில் நான்கு கோடும் நிற்கும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கினால் இரண்டு. வீட்டுக் காம்பிராவுக்குள் (அறைக்குள்) வந்து கதவைச் சாத்தினால் ஒன்று. ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு எல்லோரும் போனை எடுக்கிற நேரத்தில் அந்த ஒன்றும் இருந்து பயனில்லை. மூன்றாம் பகுதியில் மாணவர்கள் இரண்டு பேர் தங்கள் ஆய்வைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார்கள். சட்டென்று ஒரு வட்டம் சுழலும். தொடர்பு அறுந்தது என்று வரும். ஓகே அழுத்தினால் முதல் பகுதி, முதல் கேள்வி. எழுதிய விடை ஒன்றும் இருக்காது.

விடை போனதுகூடப் பரவாயில்லை. ஒரு தாளைக் கேட்டுவிட்டால் அந்தத் தாள் செலவாகிவிட்டது. வியாழக்கிழமை என்று தெரிந்த பிறகு என்ன கேட்டல்? திரும்பப் போட்டால் காதுக்கு வேலை இல்லை, ஞாபகத்துக்குத்தான் வேலை. ஆப்பில் இருப்பதோ எண்ணி வைத்த தாள்கள். சிக்னல் அறுந்தே எனக்குப் பல தாள்கள் பாழாயின.

அவர்களுக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. ஒலிப்பதிவை யாரும் திருடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பரீட்சை முறைக்கு இன்டர்நெட் கட்டாயமாம். ஆகவே நிலையான இணைப்பு உள்ள இடத்திலிருந்து பாவிக்க வேண்டுமாம். திருட்டுப் பயம் நியாயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதே ஒலிப்பதிவைச் சாதாரண முறையில் டவுன்லோட் செய்யத் தருகிறீர்களே, அதைத் திருட மாட்டார்களா என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. அதற்குப் பிறகு மூன்று முறை அப்டேட் வந்தது. அம்பின் நிறம் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியது.

கடைசியில் நானே ஒரு வழி பிடித்தேன். சாதாரண முறையில் டவுன்லோட் செய்து, போனை மேசையில் குப்புறப் போட்டுவிட்டு, விடைகளைக் கொப்பியில் எழுதுவது. ஒலி முடிந்த பிறகு போனைத் திருப்பி 40 விடையையும் டைப் செய்வது. தாளில் எழுதும் பரீட்சையில் விடைகளைப் பார்த்து எழுத 10 நிமிடம் தருவார்கள் அல்லவா, அந்தக் கணக்கு சரியாக வருகிறது. கணினியில் எழுதுவோருக்கு அது ஒத்துவராது. அங்கே சரிபார்க்க 2 நிமிடம்தான், ஒலி ஓடும்போதே டைப் செய்து பழக வேண்டும். கேள்விகளை முதலிலேயே கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டியிருப்பது இன்னொரு தலையிடி. காசு கட்டி வாங்கிய ஒன்றைக் குப்புறப் போட்டுப் பாவிக்கிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

மழையையும் சொல்ல வேண்டும், அது ஆப்பின் பிழை இல்லாவிட்டாலும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பார்க்கிற இடம். தென்மேற்குப் பருவம் தொடங்கினால் தகரக் கூரைக்குக் கீழே ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. சத்தத்தைக் கூட்டினாலும் ஆளின் குரல் மட்டும்தான் பெரிதாகும்; சொல்லின் கடைசியில் வருகிற மெல்லிய 'ஸ்' ஒலி மழைக்குள் போய்விடும். அந்த 'ஸ்' போனால் பன்மை ஒருமையாகிவிடும், ஒருமை எழுதினால் விடை பிழை. காதை முழுக்க மூடுகிற வயர் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். ஆப்புக்குக் காசு கட்டுமுன் அதற்குக் கட்டுங்கள் என்பேன். பரீட்சை மண்டபத்தில் மழைச் சத்தத்துக்காக யாரும் புள்ளி கூட்டிப் போட மாட்டார்கள்.

உச்சரிப்பு விஷயத்தில் இந்த ஆப் நன்றாகவே செய்கிறது. பிரித்தானியக் குரல் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வட அமெரிக்கா எல்லாம் கலந்து வருகிறது, பரீட்சையிலும் அப்படித்தான். ஆஸ்திரேலியர் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது அவருடைய 'ஏ' நம் காதுக்கு 'ஐ' என்றே விழும். அமெரிக்கர் 'இஸட்' என்று சொல்ல மாட்டார், 'ஸீ' என்பார்; நம் பிள்ளைகள் அதை 'சி' என்று எழுதிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. இரண்டு சொல்லுக்கு மேல் எழுதாதே என்றால் மூன்று சொல் எழுதியதைப் பிழை போடுவது, பிரித்தானிய எழுத்தையும் அமெரிக்க எழுத்தையும் சரியென்று ஏற்பது என்று திருத்தும் முறையும் பரீட்சையை ஒட்டியே இருக்கிறது.

வாசிப்புப் பகுதிக்கு வந்தால் என் கோபம் பாதி இறங்கிவிடும். 60 நிமிடம், 40 கேள்வி, விடையைப் பார்த்து எழுதத் தனியாக நேரம் கிடையாது. இதில் நம் ஆட்களைக் கவிழ்ப்பது 'ட்ரூ, ஃபால்ஸ், நொட் கிவன்' (சரி, பிழை, பந்தியில் சொல்லவில்லை) கேள்விதான். பள்ளிக்கூட ஓ.எல். பரீட்சையின் கிரகித்தலில் பந்தியை வாசித்துக் கையோடு விடை எடுத்துப் பழகியவர்களுக்கு, பந்தியில் இல்லாததை இல்லை என்று சொல்லக் கை வராது.

ஆப்பில் இலங்கைத் தேயிலையைப் பற்றியே ஒரு பந்தி இருக்கிறது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது, 1869-லிருந்து கோப்பியை இலைநோய் தின்றது, தோட்டங்கள் தேயிலைக்கு மாறியது என்று போகும். வகுப்பில் அதைக் கொடுத்தேன். எல்லோருக்கும் சந்தோஷம், நம்ம விஷயம்தானே. ஒரு கேள்வி: டெய்லருக்கு முன் இலங்கையில் யாரும் தேயிலைச் செடி நட்டதில்லை. 1824-லேயே சீனாவிலிருந்து கொண்டுவந்து பேராதனைப் பூங்காவில் நட்டார்களே என்று தெரிந்த பிள்ளை பெருமையாக ஃபால்ஸ் போட்டது. பேராதனையைப் பற்றிப் பந்தியில் ஒரு சொல் இல்லை. விடை நொட் கிவன். அடுத்தது: தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலி கோப்பித் தோட்டத்தைவிடக் குறைவு. ஒருவர் விடாமல் எல்லோரும் ட்ரூ. யோசிக்கக்கூட இல்லை, ஆத்திரத்தோடு அழுத்தினார்கள். ஆப் என்ன செய்தது தெரியுமா? தொழிலாளர் பற்றி வருகிற இரண்டு வரியை மஞ்சளாக்கிக் காட்டி, "இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று இங்கே இருக்கிறது, எவ்வளவு பெற்றார்கள் என்று இல்லை" என்று கீழே போட்டது. கூலியைப் பற்றி எழுதாமல் விட்டது பந்தி எழுதியவரின் குறை, நம் விடை நொட் கிவன்தான் என்று நான் சொன்னதும் ஒரே சிரிப்பு. அன்றைக்குப் பிறகு அந்த வகைக் கேள்வியில் அவர்கள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. இந்த மஞ்சள் வரி விளக்கம் போல ஒன்றை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. விடைப் பட்டியல் எல்லாவற்றிலும் இருக்கும். ஏன் அந்த விடை என்று இவ்வளவு சுருக்கமாகச் சொல்வது இது ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. ஐ.ஈ.எல்.டி.எஸ்.-இல் படிக்கப் போகிறவர்களுக்கு அகடமிக், குடியேறப் போகிறவர்களுக்கு ஜெனரல் என்று இரண்டு வகை உண்டு; ஜெனரல் எழுதுகிறவர்கள் ஆப் காட்டும் வாசிப்பு பாண்டை (9-க்கான புள்ளியை) நம்ப வேண்டாம். 40-க்கு 30 என்றால் அகடமிக்கில் சுமார் 7 வரும். ஜெனரலில் பந்திகள் இலேசு என்பதால் அதே 30-க்கு சுமார் 6 தான், 7 வேண்டுமென்றால் 34 பக்கம் போக வேண்டும். ஆப் இரண்டுக்கும் ஒரே அட்டவணையைப் போடுகிறது. வெளிநாட்டில் குடியேற ஜெனரல் எழுதுகிற பிள்ளை 7 என்று நம்பிக் காசு கட்டிப் போனால் என்னாவது?

இலவசமாகவும் வழி இருக்கிறது. பரீட்சையை நடத்துகிற பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி. இரண்டின் தளத்திலும் மாதிரித் தாள்கள் சும்மா கிடைக்கும். பி.பி.சி.யின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சியை எழுத்து வடிவத்தோடு இறக்கி வைத்துக்கொள்ளலாம். டேட்டா குறைவாகப் போடுகிறவர்களுக்கு அது போதும்.

ஆகவே, கண்டியிலோ கொழும்பிலோ வைஃபை உள்ள வீட்டிலோ இருந்தால் பாதி விலைக்குத் தாராளமாக வாங்கலாம். தோட்டத்தில் இருந்துகொண்டு கேட்டலுக்காக வாங்குவதென்றால் வேண்டாம், அந்தக் காசுக்கு ஹெட்போன் வாங்குங்கள். பிளே ஸ்டோரில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அம்பை மறைக்கிற நாளில் மாற்றிப் போடுவேன். நான் மட்டும் நேற்றே அடுத்த வருடத்துக்குக் கட்டிவிட்டேன். அந்த மஞ்சள் வரி இல்லாமல் ஞாயிறு வகுப்பு நடத்த எனக்கு இப்போது மனமில்லை.

என் பேச்சைக் கேட்காமல் வாங்குகிறவர்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். கார்ட்டிலிருந்து டொலரில் வெட்டுகிறார்கள், இந்தப் பாதி விலை முதல் வருடத்துக்கு மட்டும்தான் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது.