கிரீட் தீவுக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா? காருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ராத்திரி பதினொன்றரை மணி. கிரீஸின் கிரீட் தீவு. ஹெராக்லியோன் விமான நிலையத்திலிருந்து ஒரு வேன் எங்களை ஏற்றிப் போய், தகரக் கூரை போட்ட ஒரு கார் நிறுத்துமிடத்தில் இறக்கிவிட்டிருந்தது. மூன்று வயதுச் சின்னவன் சூட்கேஸ் மேலேயே தூங்கிவிட்டான். ஏழு வயதுக்காரிக்குப் பசி. கவுன்ட்டரில் இருந்த பையன் என் வீட்டுக்காரருடைய கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது டெபிட் கார்டு. எங்களுக்குக் கிரெடிட் கார்டுதான் வேண்டும்" என்றான்.

எங்கள் கதை அங்கே தொடங்கியது. கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை. பேர் மாறினாலும் ஆட்டம் இதுதான் என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது. அதனால் ஆட்டத்தையே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது பிராங்க்ஃபர்ட் பக்கம். 2025 ஜூலை கடைசி, பள்ளி விடுமுறை. மதுரையிலிருந்து மாமியார் வந்திருந்தார். பிள்ளைகளுக்குக் கடலும் மணலும், அத்தைக்குப் பழைய அரண்மனை, எங்களுக்கு எட்டு நாள் அலுவலக மெயில் பார்க்காமல் இருப்பது, இவ்வளவுதான் திட்டம்.

முதல் தப்பு எங்களுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். தீவு என்றதும் ராமேஸ்வரம் மாதிரி ஒரு கற்பனை. கிரீட் கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர், அதாவது மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகிற தூரத்தைவிடக் கூட. தீவில் பெரிய விமான நிலையங்கள் இரண்டு: வடகரை நடுவில் ஹெராக்லியோன், மேற்கே ஹானியா. வீடு பிடித்தது ஹானியாவுக்குப் பக்கமான ஜியோர்ஜியோபோலியில். டிக்கெட் போட்டது ஹெராக்லியோனுக்கு, ஐந்து பேருக்கும் சேர்த்து 140 யூரோ குறைவு என்பதற்காக. அந்த 140 எங்கே போனது என்று இனிமேல் பாருங்கள்.

கார் எடுத்தது விலை ஒப்பிடும் ஒரு தளத்தில். எட்டு நாளுக்கு 286 யூரோ. பக்கத்திலேயே ஒரு பெட்டியில் டிக் அடித்தால் இன்னும் 64 யூரோவுக்கு "முழுப் பாதுகாப்பு", கார் இடிபட்டாலும் கையை விட்டு ஒரு சென்ட் போகாது என்று போட்டிருந்தான். டிக் அடித்தோம். நான் அறிந்தவரை நம் ஆட்கள் எல்லாரும் அடிப்போம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த 64 யூரோ பாதுகாப்பை விற்றவன் இடைத்தரகன், காரின் சொந்தக்காரன் இல்லை. காருக்கு ஏதாவது ஆனால் கார் கம்பெனி முதலில் நம்மிடம் வசூலித்துவிடும். பிறகு நாம் ரசீது, அறிக்கை எல்லாம் சேர்த்துத் தரகனிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கார் கம்பெனியைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பு கணக்கிலேயே இல்லை. அதனால் 1,200 யூரோவைக் கார்டில் முடக்கி வைப்பார்கள். அதுவும் ஓட்டுபவர் பேரில் இருக்கும் நிஜமான கிரெடிட் கார்டில்.

ஜெர்மனியில் வங்கிகள் கொடுக்கிற கார்டு பலதும் பார்க்க விசா, மாஸ்டர்கார்டு மாதிரியே இருக்கும். மூலையில் எறும்பு எழுத்தில் 'டெபிட்' என்று இருக்கும். நாலு வருஷமாக இவர் பர்ஸில் இருக்கிற கார்டு அது. அன்று ராத்திரிதான் அந்த எழுத்தை முதல்முறை பார்த்தோம். என்னிடம் இருந்தது அசல் கிரெடிட் கார்டு, ஆனால் எனக்கு ஜெர்மன் லைசென்ஸ் கிடையாது, ஓட்டுபவர் நான் இல்லை. "செல்லாது மேடம்."

"ஒன்று செய்யலாம்" என்றான் அந்தப் பையன். குரலில் அப்படி ஒரு பரிவு. "எங்கள் காப்பீட்டை எடுத்துக்கொண்டால் டெபிட் கார்டே போதும். ஒரு நாளைக்கு 22 யூரோ." எட்டு நாளைக்கு 176.

"பிள்ளைக தூங்கி விழுதுக. குடுத்துத் தொலைடா" என்றார் அத்தை. கொடுத்தோம். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். நடுராத்திரியில் இரண்டு பிள்ளைகளோடு நிற்பவன் எங்கே போய்விடுவான்?

பணத்தையாவது விடலாம், அடுத்ததை என்னால் விட முடியவில்லை. வவுச்சரில் இரண்டு சைல்டு சீட் என்று தெளிவாக இருந்தது, வயதோடு. சின்னவனுக்கு அவர்கள் எடுத்து வந்தது முதுகே இல்லாத பூஸ்டர், வெறும் மணை மாதிரி ஒன்று. மூன்று வயதுப் பையனை அதில் உட்காரவைத்தால் காரின் பெல்ட் நேராக அவன் கழுத்தில் உரசுகிறது. இவர் மறுத்துவிட்டு நின்றார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு சீட் வந்தது. உறையில் புளித்த பால் வாடை, மடிப்புகளில் பிஸ்கட் தூள். அதுகூடப் பரவாயில்லை. பெல்ட் கொக்கியை அழுத்தினால் டக் என்ற சத்தமே வரவில்லை. நான் லேசாக இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. அதைக் கழற்றி எறிந்து வேறொன்று கொண்டுவர இன்னும் இருபது நிமிடம். இழுத்துப் பார்த்தது தற்செயல். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

காரும் படத்தில் பார்த்த கார் இல்லை. "அல்லது அதைப் போன்றது" என்ற வரிக்கு இவ்வளவு பெரிய வயிறு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வந்தது குட்டிக் கார். பின்னால் இரண்டு சைல்டு சீட் மாட்டியதும் நடுவில் ஒரு சாண்தான் மிச்சம். அத்தையை முன்னால் உட்காரவைத்துவிட்டு, நான் அந்தச் சாணில் ஒருக்களித்து உட்கார்ந்தேன். டிக்கியில் அடங்காத பை என் மடியில். வடகரை நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர். அந்தச் சாலையில் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம்: பின்னால் வேகமாக வருகிறவனுக்கு வழிவிட, முன்னால் போகிற வண்டி ஓரக் கோட்டைத் தாண்டி ஒதுங்கி ஓட வேண்டும். தெரியாமல் நடுவில் போய்க்கொண்டிருந்தால் லைட்டை அடித்தே துரத்துவார்கள். வீடு போய்ச் சேர மணி மூன்று.

வீட்டைப் பற்றிப் பெரிய குறை இல்லை. "கடற்கரைக்கு 300 மீட்டர்" என்றது உண்மை. அந்த 300 மீட்டருக்கு நடுவில் இதே நெடுஞ்சாலை ஓடுகிறது என்பதை மட்டும் போடவில்லை. வரைபடத்தில் பார்த்திருக்கலாம். வீட்டுக்கார அம்மாள் மறுநாள் காலையில் 64 யூரோ ரொக்கமாகக் கேட்டபோது, முந்தின ராத்திரிச் சூடு ஆறாமல் நான் அவரோடு சண்டைக்கே போய்விட்டேன். அது அரசாங்க வரி. பருவநிலைப் பாதிப்புகளைச் சமாளிக்க என்று கிரீஸில் தங்குபவர்களிடம் வாங்குகிறார்கள். 2025இலிருந்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாடகை ஃபிளாட்டுக்கு ஒரு இரவுக்கு 8 யூரோ, நாலு நட்சத்திர ஹோட்டல் என்றால் 10. ரசீது கொடுத்தார், பின்னேரம் ஒரு தட்டு தர்பூசணியும் கொண்டுவந்து வைத்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்று ஒரு காற்று அடிக்கும். வடகரை முழுக்க அலை எழும்பும். எட்டு நாளில் மூன்று நாள் சிவப்புக் கொடி. பிள்ளைகள் அழுதார்கள். உள்ளே ஒதுங்கினாற்போல் கூர்னாஸ் என்று ஒரு நன்னீர் ஏரி இருக்கிறது, காரில் கொஞ்ச நேரம்தான். மிதிபடகு, கரையோரம் எட்டிப் பார்க்கும் ஆமைகள். அந்த மூன்று நாளும் அங்கேயே கழிந்தன. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. தக்காளிக்குள் சோறு வைத்துச் சுட்ட கெமிஸ்டாவைச் சின்னவன் தினமும் கேட்டான், அத்தை ஊறுகாய் தொட்டுக்கொண்டு அதையே சாப்பிட்டார்.

காரைத் திருப்பிக் கொடுத்த அன்று இரண்டாம் கட்டம். எடுத்தபோது நாலு பக்கமும் வீடியோ எடுத்திருந்தோம். அந்த ஆள் நாலு பக்கத்தையும் பார்க்கவே இல்லை. நேராகக் குனிந்து, கைபேசியை வண்டிக்கு அடியில் நீட்டிப் படம் எடுத்தான். "அடியில் கீறல். பாலோஸ் போனீர்களா?"

பாலோஸ் என்பது தீவின் வடமேற்கு மூலையில் இருக்கிற நீலத் தண்ணீர்க் கடற்கரை. அங்கே போகிற சாலையில் கடைசி எட்டுக் கிலோமீட்டர் போலக் கரடுமுரடான மண் பாதை. வாடகைக் கார்களை அதில் ஓட்டினால் காப்பீடு பெரும்பாலும் செல்லாது. அது தெரிந்துதான் நாங்கள் கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனோம். டிக்கெட்டைக் காட்டினோம். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. 22 யூரோ வீதம் வாங்கிய "முழு" காப்பீட்டில் டயர், கண்ணாடி, அடிப்பாகம் சேராது என்று நாலாவது பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். 390 யூரோ. கிரேக்க மொழியில் இருந்த தாளில் கையெழுத்து கேட்டான். விமானத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். இவர் போட்டுவிட்டார். போட்டாலும் பக்கத்தில் "ஒப்புக்கொள்ளவில்லை" என்று எழுதியாவது போட்டிருக்க வேண்டும். கிளம்பும்போது குனிந்து அடிப்பக்கத்தையும் ஒரு வீடியோ எடுத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

ஊர் திரும்பிய பிறகுதான், தண்டம் என்று நினைத்த அந்த 64 யூரோ பாதுகாப்பின் விதிகளை உட்கார்ந்து படித்தேன். அதில் அடிப்பாகமும் டயரும் சேர்த்தி! வாடகை ஒப்பந்தம், சேத அறிக்கை, கம்பெனியின் பில், கார்டில் பணம் போனதற்கான கணக்கு, நாலையும் அனுப்பினேன். ஏழு வாரத்தில் 390 யூரோவும் வந்துவிட்டது. கவுன்ட்டரில் கோபத்தில் தாள்களைக் கசக்கிப் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். ஆனால் முதல் ராத்திரி பிடுங்கிய 176 வரவில்லை. "நீங்களே விரும்பி வாங்கியது" என்று கையெழுத்தைக் காட்டுகிறார்கள். ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான நுகர்வோர் புகார்களை இலவசமாகப் பார்க்கும் மையம் ஜெர்மனிக்குக் கேல் நகரில் இருக்கிறது. கொக்கி கழன்ற சீட்டின் படத்தையும் சேர்த்து அங்கே எழுதியிருக்கிறேன். இதுவரை கேஸ் எண் மட்டும் வந்திருக்கிறது.

அடுத்த ஈஸ்டருக்கு சைப்ரஸ் போகலாம் என்கிறார் இவர். விமானங்கள் பெரும்பாலும் குழந்தை சீட்டைத் தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்றிக்கொள்கின்றன, அதனால் எங்கள் சீட் எங்களோடு வரும். அசல் கிரெடிட் கார்டுக்கு இவர் வங்கியில் விண்ணப்பித்துவிட்டார். கார் எடுப்பதாக இருந்தால் பகலில் இறங்குகிற விமானம்தான், பத்து யூரோ கூடக் கொடுத்தாலும். கவுன்ட்டரில் வாங்கிய காப்பீட்டுப் பணத்தை யாராவது திரும்ப வாங்கியிருந்தால், எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.