காப்பித் தோட்டத்து ஓரம்: பலாவா, அயினியா?

மச்சினனுக்கு ஏற்காடு மலையில், கொட்டச்சேடு பக்கம் ஒன்றரை ஏக்கர் காப்பி. போன மழையில், காப்பிக்கு நிழலாக நின்ற இரண்டு சில்வர் ஓக் மரங்கள் சாய்ந்து, ஓரத்தில் சுள்ளென்று வெயில் இறங்குகிறது. "அங்க பலா வெச்சிரலாமா, இல்ல நீங்க சொன்ன அந்த அயினியா மாமா?" என்று கேட்டார்.

அயினி நம் சேர்வராயன் மலை மரம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் தானாக வளர்வது. கேரளத்தில் ஆஞ்ஞிலி என்பார்கள். பலாவுக்குப் பங்காளி முறை.

ருசியில் என் ஓட்டு அயினிக்குத்தான். மார்த்தாண்டத்தில் ஒரு பழம் வாங்கித் தின்றேன். கைக்குள் அடங்கும் அளவு, மேலே குத்தாத முள். கத்தியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். காம்புப் பக்கம் விரலை விட்டுத் தோலை உரித்தால், நடுத்தண்டைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குட்டிச் சுளைகள். வாயில் போட்டதும் இனிப்பு, பின்னாலேயே ஒரு புளிப்பு. கொட்டையை வறுத்தால் வேர்க்கடலை மாதிரி இருக்கிறது. பலாச்சுளை நான்கு தின்றாலே திகட்டிவிடும். இதில் முழுப் பழமும் போன இடம் தெரியவில்லை.

சரி, பறிப்பது யார்? அங்கேதான் சிக்கல். பலா அடிமரத்திலேயே காய்க்கும், நின்றபடி அறுக்கலாம். அயினி 30 மீட்டருக்கு மேலும் நெடுநெடுவென்று போய், கிளை நுனியில் காய்க்கும். ஏற ஆள் கிடைக்காவிட்டால் குரங்குக்கும் வௌவாலுக்கும்தான் விருந்து. பலாவில் ஒட்டுக்கன்று வாங்கி வைத்தால் நாலைந்து வருடத்தில் காய் பார்க்கலாம். அயினிக்கு அப்படிச் சொல்ல முடியாது, பெரும்பாலும் விதைக்கன்றுதான்.

மிளகுக் கொடி இரண்டிலும் ஏறும். நிழல் தருவதில் பலா கொஞ்சம் தொல்லை: அடர்ந்து தாழ்வாகப் படரும், வருடா வருடம் கவாத்து செய்யவேண்டும். பத்துக் கிலோ பழம் பழுத்து விழுந்தால் கீழே நிற்கும் காப்பிச் செடி அவ்வளவுதான். அயினியின் நிழல் உயரத்தில் நிற்பதால் காப்பிக்கு இதம். மரமும் உசத்தி, அந்தக் காலத்தில் படகு கட்டியது இதில். ஆனால் வெட்டப்போவது நாமா, பேரனா?

உயரத்தையும் பார்க்கவேண்டும். ஏற்காடு டவுன் சுமார் 1,500 மீட்டர். அயினி இயல்பாக வளர்வது பெரும்பாலும் 1,000 மீட்டருக்குக் கீழே, நல்ல மழை உள்ள இடங்களில். டவுன்காரர்கள் ஆசைப்படவேண்டாம். கொட்டச்சேடு இறக்கத்தில் இருப்பதால் முயன்று பார்க்கலாம், அதுவும் ஓடை ஓரமாக.

அதனால் வெயில் விழும் இடத்துக்கு ஒட்டுப்பலா இரண்டு என்று சொல்லிவிட்டேன். மார்த்தாண்டத்தில் தின்ற பழத்தின் கொட்டைகளைக் காயவிடாமல் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். நாள் கடத்தினால் முளைக்காது. பையில் ஊன்றிய ஆறில் மூன்று முளைத்து, இப்போது சேலத்து மாடியில் நிழல்வலைக்குக் கீழே நிற்கின்றன. ஆடி மழைக்கு ஒன்று ஓடைக்கரைக்குப் போகும். மற்ற இரண்டை எங்கே வைப்பது என்று வீட்டம்மா தினமும் கேட்கிறார்.