இடதுகைப் பிட்சரின் கையுறையும் உதகையின் சேணக்கடையும்

உதகை மெயின் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், குதிரைச் சேணமும் கடிவாளமும் தைத்துக் கொடுக்கும் சிறிய தோல்கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் தொங்கும் பழைய சேணமே அடையாளம். பள்ளி அணியில் பேஸ்பால் ஆடும் என் மகனின் கையுறையைக் கடந்த ஆகஸ்டில் அங்கே பழுது பார்க்கக் கொடுத்தோம். ஆறு மாதம் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

மகன் இடது கையால் பந்தெறிபவன் (பிட்சர்) என்பதால் கையுறையை வலது கையில் மாட்ட வேண்டும். நாங்கள் ஏறி இறங்கிய விளையாட்டுப் பொருள் கடைகளில் அந்த வகை கிடைக்கவே இல்லை. கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது வாங்கி வந்தது இது. கூடவே அமெரிக்க பேஸ்பால் பிட்சர் கிளேட்டன் கெர்ஷாவின் ஆட்டப் பதிவுகளையும் மகனுக்குக் காட்டிவிட்டுப் போனார். அன்று முதல் எங்கள் வீட்டில் வேறு விளையாட்டுப் பேச்சே இல்லை.

கெர்ஷாவும் இடதுகைக்காரர். 2008 மே 25 அன்று, 20 வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் அறிமுகமாகி, 18 பருவங்களும் அந்த ஓர் அணிக்கே ஆடினார். 2014இல் 21 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கோடு சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதையும் சேர்த்தே பெற்றார். அந்த ஆண்டு ஜூன் 18 அன்று கொலராடோ அணியை ஒரு ஹிட் கூட (பந்தை அடித்து, ஓடி எட்ட வேண்டிய பேஸை அடைவது) அடிக்கவிடாமல், 15 முறை ஸ்ட்ரைக்அவுட் (மட்டையாளரைப் பந்தடிக்கவிடாமல் வெளியேற்றுவது) செய்த ஆட்டம்தான் மகனுக்கு மனப்பாடம். அன்று அவர் யாருக்கும் வாக் (தவறான பந்துகளால் மட்டையாளர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) கொடுக்கவில்லை. சக வீரர் ஒருவரின் தவறால் ஒரே ஒருவர் பேஸை எட்டியதால், எதிரணியில் ஒருவர்கூடப் பேஸை எட்டாத முழுநிறைவான ஆட்டம் என்ற பெருமை கைநழுவியது. அந்த இடம் வரும்போதெல்லாம் எங்களுக்கு இன்னும் மனம் பதறுகிறது.

கையுறையின் அருமை அந்தப் பதிவுகளில்தான் எனக்குப் புரிந்தது. கெர்ஷா இரு கைகளையும் சேர்த்துத் தலைக்கு மேல் உயர்த்தி இறக்குகையில் பந்து கையுறைக்குள் மறைந்திருக்கிறது. விரல்கள் பந்தின் தையலை எப்படிப் பற்றியிருக்கின்றன என்பது மட்டையாளருக்குத் தெரியாது. நேர்ப்பந்தைவிட மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகம் குறைவான அவருடைய வளைபந்து, எதிராளி முன்கூட்டியே கண்டுகொள்ளாத வரைதான் ஆயுதம். ஆகவே பிட்சரின் கையுறையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள வலைப்பகுதி இடைவெளியின்றி மூடியிருக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் எங்கள் கையுறையில் பூஞ்சை படிந்து, அந்த வலையின் வார்கள் இற்றுப்போயின. முதலில் கொடுத்த வேறொரு கடையில் பசையால் ஒட்டித் தந்தார்கள். இரண்டே நாளில் பிரிந்தது, தோலும் விறைத்துப்போனது.

சேணக்கடைக்காரர் பேஸ்பால் பார்த்தவர் அல்லர். ஆனால் மகனிடம், “தம்பி, பந்தை உள்ளே வைத்துப் பிடித்துக் காட்டு” என்று கேட்டு, எதிரே நின்று குனிந்து பார்த்து, “விரல் தெரிகிறதே” என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பழைய வார்களைப் பிரிக்கும் முன் அவை போகும் வழியைத் தாளில் வரைந்துகொண்டார். பூஞ்சையைத் துடைத்து, பசையை நகத்தால் சுரண்டி எடுத்து, குத்தூசியால் துளைகளைத் திறந்து, சேணத்துக்குப் பயன்படும் எருமைத்தோல் வாரை மெழுகிட்டுக் கோத்தார். வெள்ளை வார்தான் கைவசம் இருந்தது. பிட்சரின் கையுறை வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கக் கூடாது என்ற விதியைச் சொன்னதும், அடர்பழுப்பு வார் வரவழைக்க நான்கு நாள் கேட்டார். சொன்ன நாளில் கொடுத்தார். கூலி 650 ரூபாய்.

கூடவே தையல் பிரிந்த பந்து ஒன்றும் கொடுத்தோம். அதில் அவ்வளவு திருப்தியில்லை. 108 இரட்டைத் தையல்களையும் பொறுமையாகப் போட்டிருந்தார் என்றாலும், நூலை அழுத்தி இழுத்ததில் தையல் மேடு ஒரு பக்கம் படிந்துவிட்டது. விரல் பற்ற மேடு இல்லாவிட்டால் வளைபந்து வளையாது. இந்த உயரத்துக் காற்றின் அடர்த்திக் குறைவால் அது ஏற்கெனவே குறைவாகத்தான் வளைகிறது. பந்துக்கு இவரிடம் போக வேண்டாம் என்பேன்.

கையுறைக்கு நிச்சயம் போகலாம். ஆறு மாதத்தில் ஒரு முடிச்சுகூட இளகவில்லை. அக்டோபரில், ஓய்வை அறிவித்துவிட்டிருந்த கெர்ஷா, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் 18 இன்னிங்ஸ் (இரு அணிகளும் மாறி மாறி மட்டை பிடிக்கும் சுற்று) நீண்ட மூன்றாவது ஆட்டத்தில், பன்னிரண்டாவது இன்னிங்ஸில் மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்க இறங்கி, ரன் போகாமல் காத்ததை, மகன் இந்தக் கையுறையை மாட்டிக்கொண்டேதான் பார்த்தான்.

போகிறவர்கள் காலையிலேயே போவது நல்லது. மதியத்துக்கு மேல் அவர் ஏரிக்கரைக் குதிரைக்காரர்களைப் பார்க்கப் போய்விடுகிறார். நனைந்த கையுறையை அடுப்பருகே காய வைக்கக் கூடாது, பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பியதை இந்த மழைக்காலத்திலும் கடைப்பிடிக்கப் போகிறோம்.