தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2: காதை நம்பி ஆடலாம்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து யாரும் வழி சொல்லாமல் நானே ஆடி முடித்த பெரிய பிளேஸ்டேஷன் கேம் இதுதான். 2020-இல் வந்தது, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதிகள் மட்டும் 60-க்கு மேல். மெனுவை, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் படித்துவிடும். கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கை உள்ளே அழுத்தினால் (எல்3), போக வேண்டிய திசைக்கு நாம் ஆடும் நாயகி எல்லி திரும்பிவிடுவாள். மேலே வலப்பக்கம் உள்ள ஆர்1 பட்டனைப் பிடித்துக்கொண்டு வட்டப் பட்டனைத் தட்டினால், எதிரி நிற்கும் பக்கத்திலிருந்து ஒலி வரும். சதுரப் பட்டன் என்றால் தோட்டா, மருந்து மாதிரிப் பொருட்கள். நல்ல ஹெட்போன் கட்டாயம் வேண்டும், டிவி ஸ்பீக்கரில் திசை பிடிபடாது. பெரிய குறை, வசனமே இல்லாத கதைக் காட்சிகள்தான். என்ன நடக்கிறதென்றே தெரியாது. 2024-இல் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த ரீமாஸ்டரில், அதாவது மெருகேற்றிய புதிய பதிப்பில், அதற்கும் குரல் விவரிப்பு சேர்த்துவிட்டார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் அதையே வாங்குங்கள்.