ஒரே வீட்டில் இரண்டு வாரம்: சமையலறைப் பலகையும் போன் காலண்டரும், மூன்றாம் ஆண்டில்

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் குடியிருந்து, பக்கத்துப் பினாங்கு மாநிலத்துப் பிறையில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களின் குடும்பங்களில் ஒரே வீட்டுக்குள் இரண்டு வாரம் ஓடும். கெடாவில் பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழனில் முடியும். வெள்ளியும் சனியும் விடுமுறை. எல்லை தாண்டி நான் வேலைக்குப் போகும் பினாங்கில் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. கல்வி அமைச்சின் பள்ளி நாள்காட்டியே ஏ பிரிவு, பி பிரிவு என்று இரண்டாகத்தான் வரும். இது போதாதென்று கணவருக்குக் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்: நான்கு நாள் பகல், இரண்டு நாள் ஓய்வு, நான்கு நாள் இரவு, மறுபடி இரண்டு நாள் ஓய்வு. அவருடைய வேலைக்குக் கிழமையே கிடையாது. மகள் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு, மகன் பாலர் பள்ளி, கடைக்குட்டி தாஸ்கா என்னும் குழந்தைக் காப்பகத்தில். கூடவே மாமியார்.

இந்த வீட்டை நாங்கள் நடத்துவது இரண்டு பொருள்களை வைத்து. ஒன்று, இரண்டடிக்கு மூன்றடி வெள்ளைப் பலகை, காந்த வில்லைகளோடு. இன்னொன்று, போனில் கூகுள் காலண்டர். இரண்டும் சேர்ந்து மூன்றாம் ஆண்டு ஓடுகின்றன. வாங்கிய வாரத்தில் எதைப் பற்றியும் நல்ல வார்த்தை சொல்லிவிடலாம். பள்ளி தொடங்கும் மாதமே மாறி, ஷிஃப்ட் மாறி, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அது நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த இரண்டும் நின்றன.

முதலில் பலகை. கட்டம் போட்டதையே கடையில் விற்கிறார்கள், ஆனால் அவை பெரும்பாலும் திங்களில் தொடங்கும். எங்களுக்கு வெறும் பலகைதான் சரி. கறுப்பு டேப் ஒட்டி ஏழு கட்டம் போட்டோம், ஞாயிறு முதல் கட்டம். குறுக்கே ஆறு வரிசை, வீட்டில் ஆளுக்கு ஒன்று. மகளின் வரிசையில் எழுத்து; மகனின் வரிசையில் படம். உடற்கல்வி நாளுக்குச் சப்பாத்துப் படம், நூலக நாளுக்குப் புத்தகப் படம். அப்பா பகல் ஷிஃப்டா, இரவு ஷிஃப்டா, வீட்டில் இருக்கிறாரா என்பதற்கு மஞ்சள், நீலம், சிவப்பு வில்லைகள். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அந்த வில்லைகளை மாற்றுவது மகனின் வேலை. சிவப்பு வில்லை எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்த்துத்தான் அவன் அப்பாவிடம் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறான்: சைக்கிள் ஓட்ட எந்த நாள், முடி வெட்ட எந்த நாள் என்று.

பலகை ஏன் தேவை என்பதை எனக்குச் சரியாகப் புரிய வைத்தது மாமியாரின் பேச்சு. அவர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும், அதனால் விடியுமுன் பிரட்டில், அதாவது பேர் கூப்பிடும் இடத்தில், நிற்க வேண்டும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுக் காட்டுக்குள் போக வேண்டும். "பேரு கூப்பிடும்போது ஆள் இல்லன்னா அன்னிக்குக் கூலி இல்லம்மா" என்பார். கடினமான வாழ்க்கை, அதில் சந்தேகமில்லை. ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரம். குழந்தையை விடும் இடமும் ஒன்றுதான். யாரும் யாருக்கும் எதையும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு ஒரே கூரையின் கீழ் ஆறு பேருக்கு ஆறு நேரம். அந்த ஆறையும் ஒருத்தர் தலையில் சுமப்பது, பெரும்பாலும் அம்மா தலையில் சுமப்பது, எனக்கு நியாயமாகப் படவில்லை. பலகை சுவருக்கு வந்ததும் "இன்னிக்கு என்ன சட்டை?", "வேன் எத்தனை மணிக்கு?" என்ற கேள்விகள் என்னிடம் வருவது குறைந்தது. பாட்டியே பார்த்துச் சொல்லிவிடுகிறார். பலகை முழுக்கத் தமிழில் இருப்பதற்குக் காரணமும் அவர்தான். அவர் கையில் இருப்பது பட்டன் போன்.

இனி காலண்டர். ஷிஃப்ட் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. நான்கு நாள் நீளத்துக்கு "பகல்" என்று ஒரு நிகழ்வு போட்டு, மீண்டும் வருவதைப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை என்று அமைத்துவிடுங்கள். "இரவு" என்பதற்கு அதேபோல் இன்னொன்று. அவ்வளவுதான், ஆண்டு முழுவதற்கும் ஷிஃப்ட் வரிசை தானாக ஓடும். அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டிலா, வேலையிலா என்று இன்றே பார்க்கலாம். விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால் நேரத்தோடு கொடுக்கலாம். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு காலண்டர், பிள்ளைகளுக்கு வேறு நிறத்தில் ஒன்று. வாரத் தொடக்கத்தை அமைப்புக்குள் போய் ஞாயிறு என்று மாற்றிக்கொள்ளலாம். பலகையும் போனும் ஒரே மாதிரி தெரிவது சின்ன விஷயம்தான், ஆனால் காலை அவசரத்தில் அதுவே பெரிய உதவி.

பொது விடுமுறைகளைக் கையால் போடுவதே நல்லது. ஜூலை 7, ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நாள். பினாங்கில் எனக்கு விடுமுறை, கெடாவில் பிள்ளைகளுக்குப் பள்ளி. இஸ்ராக் மிக்ராஜ் என்ற இஸ்லாமியத் திருநாளுக்குக் கெடாவில் விடுமுறை, எனக்கு வேலை. இந்த நாள்கள்தான் முன்கூட்டிப் பார்க்காவிட்டால் காலை ஆறு மணிக்கு இடிக்கும். ஜனவரியில் உட்கார்ந்து இரண்டு மாநிலத்துப் பட்டியலையும் பார்த்து ஏற்றிவிடுகிறோம். மளிகைக் கடையில் கொடுக்கும் தினசரி நாள்காட்டியும் பக்கத்தில் தொங்குகிறது; நல்ல நேரமும் ராகு காலமும் பார்க்க மாமியாருக்கு அது வேண்டும்.

மாறாதது பலகையில், மாறுவது போனில். இந்தப் பிரிவினைக்கு வந்த பிறகுதான் இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடின. கிளினிக் தேதி, பள்ளிக் கூட்டம், பிறந்தநாள் விருந்து எல்லாம் போனில். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வரும் அறிவிப்பு நன்றிச் செய்திகளுக்கு அடியில் மூழ்கிவிடும். அதைப் படித்த கையோடு காலண்டரில் போட்டுவிட வேண்டும், அப்புறம் என்று தள்ளக்கூடாது.

போனால் தீராத ஒன்று உண்டு. கணவருக்கு உற்பத்திக் கூடத்துக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. அவர் உள்ளே போன பிறகு நான் எதை மாற்றினாலும் ஓய்வு நேரம் வரை அவர் பார்க்க மாட்டார். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: அவர் பகல் ஷிஃப்டில் இருக்கும் நாள்களில் வீட்டிலிருந்து கிளம்பிய பிறகு எழும் எந்த மாற்றமும் என் பொறுப்பு, இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் காலைகளில் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது அவர் பொறுப்பு, அப்புறம்தான் தூக்கம். எந்தச் செயலியும் இதைப் பேசித் தராது. நாங்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

காலை நேரத்துக்கு ஒரு சட்டம் கைகொடுத்தது. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு முதலாளிக்கு எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கலாம். அவர் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நான் எட்டு மணியை எட்டரை ஆக்கிக் கேட்டேன், கிடைத்தது. மாலை அரை மணி நேரம் கூடுதலாக இருக்கிறேன். இங்கே ஆறரை மணிக்கும் இருட்டாகவே இருக்கும். அந்த இருட்டில் மூன்று பிள்ளைகளைக் கிளப்பும் வீட்டில் அரை மணி நேரம் என்றால் என்னவென்று கிளப்பியவர்களுக்குத் தெரியும். கேட்கலாம் என்பதே தெரியாமல் நிறைய அம்மாக்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். தாஸ்கா பதிவு பெற்றதா என்றும் பாருங்கள். நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவு பெற்ற இடத்தின் கட்டணத்துக்குத்தான் வருமான வரியில் கழிவும் கேட்க முடியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் அழிக்காத எழுத்து பலகையில் கறையாகத் தங்கிவிடும். அதன் மேலேயே புது மார்க்கரால் எழுதி உடனே துடைத்தால் பெரும்பாலும் போய்விடுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் மார்க்கர் பிடிக்காது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத் தாள் பலகை வாங்குவதாக இருந்தால், உங்கள் பெட்டியின் கதவில் காந்தம் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாக் கதவிலும் நிற்காது. பிள்ளைகள் வேலை முடித்தால் நட்சத்திரம் தரும் செயலி ஒன்றும் கொஞ்ச காலம் ஓடியது. நட்சத்திரத்துக்காகப் போனை எடுப்பதும் திரும்ப வாங்குவதுமே ஒரு வேலையாகிவிட்டதால் நிறுத்திவிட்டோம்.

ஞாயிறு எனக்கு வாரத்தின் மிக நல்ல நாள். பிள்ளைகள் பள்ளியில், எனக்கு விடுமுறை. ஐந்து நாள் சீருடையைத் தேய்த்து ஹேங்கரில் மாட்டிவிடுவேன். சம்பலுக்கு மிளகாய் அரைத்து, கோழியை மஞ்சள் தடவிப் பங்கு போட்டு, ஃப்ரீசரில் வைத்துவிட்டால் திங்கள் முதல் மாலைச் சமையல் பாதி முடிந்த மாதிரி. வெள்ளிக்கிழமை அப்படியே தலைகீழ்: பிள்ளைகள் வீட்டில், நான் வேலையில். மூத்த பிள்ளைகள் இருவரும் பாட்டியோடு இருப்பார்கள், சின்னவளுக்குத் தாஸ்கா திறந்திருக்கும். அன்றைய கட்டத்தில் பாட்டியின் வரிசையில் நாங்கள் எதையும் எழுதுவதில்லை. என்ன செய்வது என்று அவரே முடிவு செய்கிறார். சனிக்கட்டம் எல்லா வரிசையிலும் காலி. கணவரின் ஓய்வு நாளும் அதில் விழுந்தால்தான் நாங்கள் ஆறு பேரும் ஒன்றாக இருக்கும் நாள் அது. யார் எந்த வகுப்புக்கு அழைத்தாலும் அந்தக் கட்டத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்த ஆண்டு மகன் ஒன்றாம் ஆண்டுக்குப் போகிறான். படங்கள் போய் எழுத்து வரும்; அவன் வரிசைக்கு இப்போதிருக்கும் இடம் போதாது. மூன்றடிக்கு நான்கடிப் பலகை ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். சமையலறைச் சுவர் கொள்ளாது என்கிறார் கணவர். முன்கூடத்தில் மாட்டினால் சாமி படத்தை எங்கே வைப்பது என்று கேட்கிறார் மாமியார்.