உப்பில்லாத் தண்ணீரில் மூன்று ஆண்டுகள்

ஒரு பக்கம் பாக் நீரிணையும் மறுபக்கம் மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த இராமநாதபுரம் கடற்கரையில் நீந்தத் தெரியாதவர்களும் உண்டா என்று வெளியூர் உறவினர்கள் கேட்பதுண்டு. 42 வயது வரை நான் அப்படித்தான் இருந்தேன். பாக் நீரிணையை 1966-இல் மிஹிர் சென்னும் 1994-இல் சிறுவன் குற்றாலீசுவரனும் நீந்திக் கடந்ததை வகுப்பில் சொல்லிக்கொண்டே, முழங்காலுக்கு மேல் அலை வந்தால் பின்வாங்கிய ஆசிரியை நான். ஊரின் பொது நீச்சல் குளத்துக்கு, பெண்களுக்கென ஒதுக்கிய மாலை வேளையில், வாரம் மூன்று நாள் வீதம் மூன்று ஆண்டுகளாகச் சென்றுவரும் அனுபவத்தைப் புதிதாகச் சேர எண்ணுவோருக்காக எழுதுகிறேன்.

எனக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தவர் பயிற்சியாளர் அல்லர்; கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் ஓர் அக்கா. மகளைப் பள்ளிப் போட்டிக்குப் பழக்க அழைத்து வந்தவர், கரையில் சும்மா உட்காரப் பிடிக்காமல் தாமும் சீட்டு வாங்கி இறங்கினார். "என்ன டீச்சர், இந்தத் தண்ணி ஆளைத் தாங்க மாட்டேங்குது" என்பதே அவருடைய முதல் புகார். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது என்பதால், உப்பில் மிதந்து பழகிய உடல் இங்கே சற்றுக் கூடுதலாக அமிழ்கிறது. கடலை அறிந்த அவரும் அறியாத நானும் அன்று ஒரே வகுப்பில் நின்றோம்.

எங்கள் பக்கத்து ஊருணி ஒன்றில் எந்தத் தெருவினர் எந்தத் துறையில் இறங்கலாம் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்த காலத்தை என் அம்மா பார்த்திருக்கிறார். குளம் வந்ததும் அதெல்லாம் கரைந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். முதலாண்டு முழுவதும் உடைமாற்றும் அறையில் நாங்கள் தெருவாரியாகத்தான் நின்றோம். ஆனால் மல்லாந்து மிதக்கப் பழகும்போது ஒருவர் முதுகுக்கடியில் இன்னொருவர் கை கொடுத்தாக வேண்டும், அப்போது பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் கைதான் கிடைக்கும். எனக்குக் கை கொடுத்தவர் கீழக்கரையிலிருந்து வரும் ஒரு லாத்தா; முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். உடல் முழுதும் மூடும் நைலான் உடையில் நீந்தும் அவர், இப்போது என்னைவிட வேகமாக 25 மீட்டரை முடிக்கிறார்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். கண்ணை எரிக்கும் அந்த நெடியை மருந்து அதிகமானதன் அடையாளமென்று பலரும் நினைக்கிறார்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களே அதற்குப் பெரும்பாலும் காரணம். குளிக்காமல் இறங்கும் ஒருவரால் எல்லோர் கண்ணும் சிவக்கிறது என்று புரிந்தபின், காவலர் சொல்லாமலே நாங்களே ஒருவரையொருவர் குழாயடிக்கு அனுப்புகிறோம்.

குறைகளும் உண்டு. குடிநீருக்குக் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிச் செல்லும் ஊரில் இத்தனை தண்ணீரா என்ற உறுத்தல் எனக்கு இருந்தது. வடிகட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதால், ஆவியாவதையும் வடிகட்டியைக் கழுவுவதையும் ஈடுசெய்தால் போதும் என்று அறிந்தபின் அது குறைந்தது, முற்றிலும் போகவில்லை. கோடையில் சில வாரங்கள் பூட்டிவிடுகிறார்கள். பெண்களுக்கான நேரம் ஒரு மணிதான்; கூட்டித் தரக் கேட்டு மனு எழுதினோம். பாசி எடுக்கும் அக்கா முதலில் கையெழுத்திட்டார், லாத்தா அடுத்து. பதில் இன்னும் வரவில்லை.