விண்டரைசேஷன் பில்லில் ஆறு டிரம், குப்பையில் இரண்டு டிரம்

கிழக்கு ஒன்டாரியோவில் ப்ளூ பாக்ஸ் (மறுசுழற்சிக்கு வரும்) பொருட்களைத் தரம் பிரிக்கும் ஆலை ஒன்றின் பராமரிப்புக் குழு எழுதுவது. அக்டோபரில் ‘விண்டரைசேஷன்’ (குளிர்காலத்துக்கு இயந்திரங்களைத் தயார்படுத்துவது) செய்ய ஒரு கான்ட்ராக்டரின் ஆட்கள் வந்தார்கள். நாலு நாள் வேலை, பதினோரு வரி பில். ஜனவரியில் மைனஸ் 24 தொட்ட முதல் திங்கட்கிழமை, அந்தப் பதினோரு வரியில் பாதிக்கு மேல் வெறும் எழுத்து என்று தெரிந்தது. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கனடாவில் இந்த மாதிரி ஆலைகளில் சூப்பர்வைசராகவும் மெக்கானிக்காகவும் இருக்கும் நம்மவர்கள் மேஜைக்கு இதே மாதிரி பில் வந்தால் எந்த வரியை எப்படிப் பிடிப்பது என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதல் வரி: ‘பேலர் ஹைட்ராலிக் ஆயில் முழு மாற்றம், மல்ட்டிகிரேடு 32, 1,100 லிட்டர்.’ பேலர் என்பது பிரித்த பொருளை அழுத்திக் கட்டாக்கும் இயந்திரம். ஒரு டிரம் 205 லிட்டர். 1,100 லிட்டருக்கு ஆறு டிரம் உடைக்க வேண்டும். பின்வாசலில் கிடந்த காலி டிரம் இரண்டு. மிச்சத்தை எடுத்துப் போய்விட்டோம் என்றார்கள். பழைய எண்ணெய் 1,100 லிட்டர் வெளியே போயிருந்தால் அதற்கும் ஆறு டிரம் வேண்டும், கழிவு எண்ணெய் ஏற்றிய சீட்டும் வேண்டும். சீட்டு இல்லை.

டாங்கிலிருந்து அரை லிட்டர் எடுத்து லேபுக்கு அனுப்பினோம். 40 டிகிரியில் பிசுக்குமை (எண்ணெயின் கெட்டித்தன்மை) 40 சென்டிஸ்டோக்ஸ் என்று வந்தது. எண்ணெயின் தர எண் ஐஎஸ்ஓ விஜி 32 என்றால் பத்து சதவீதம் கூடக்குறைய, அதாவது 28.8 முதல் 35.2 வரை இருக்க வேண்டும். விஜி 46 என்றால் 41.4 முதல் 50.6 வரை. 40 இரண்டிலும் சேராது. டாங்கில் முன்பே இருந்த பழைய 46-இல் சுமார் 690 லிட்டரை விட்டுவிட்டு, மேலே இரண்டு டிரம் 32 ஊற்றினால் கணக்கு சரியாக 40-இல்தான் வந்து நிற்கும். கலப்படத்துக்கு இதைவிடத் துல்லியமான வாக்குமூலம் கிடைக்காது.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு: சாதாரண விஜி 46 எண்ணெய் 0 டிகிரியில் ஏறக்குறைய 600 சென்டிஸ்டோக்ஸ், மைனஸ் 10-இல் 1,500, மைனஸ் 20-இல் 4,000-ஐத் தாண்டும். பம்புக்குப் பம்பு வரம்பு மாறும். பொதுவாக 1,000 பக்கம் வந்தாலே குளிர் ஸ்டார்ட் ஆபத்து. அதற்கு மேல் எண்ணெய் சக்‌ஷன் குழாயில் நகராது, பம்பு உள்ளே வெற்றிடம் உண்டாகும். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம் கேட்டால் அதுதான். ஒரு நிமிஷம் அப்படி ஓட விட்டாலும் பம்பின் உலோகம் பொடிப்பொடியாகப் பெயரும். நல்ல மல்ட்டிகிரேடு 32 (டப்பாவில் ‘எச்விஎல்பி’ என்று போட்டிருக்கும், வெறும் ‘எச்எல்பி’ வேறு) மைனஸ் 10-இல் 500, மைனஸ் 20-இல் 1,200 அளவில் நிற்கும். அதற்காகத்தான் காசு கொடுக்கிறோம். ‘போர் பாயிண்ட் மைனஸ் 30’ என்று டப்பாவைக் காட்டி மயக்குவார்கள். போர் பாயிண்ட் என்பது எண்ணெய் ஒழுகுவதை நிறுத்தும் இடம். பம்பு இழுக்க முடியாமல் போவது அதற்கு வெகு முன்னாலேயே.

இன்னொன்று. குளிரில் எண்ணெய் கெட்டியாவதாலேயே ரிட்டர்ன் ஃபில்டரின் அடைப்புக் காட்டி சிவப்பாகும். ஃபில்டர் அழுக்கு என்று உடனே புதுசு மாட்டிப் பில் போடுவார்கள். எண்ணெய் 30 டிகிரிக்குச் சூடான பிறகும் சிவப்பாகவே இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

இரண்டாவது வரிதான் எங்களை நிஜமாகவே பயமுறுத்தியது: ‘டாங்க் ஹீட்டர், 6 கிலோவாட், பொருத்தியாயிற்று.’ பொருத்தியிருந்தார்கள். ஜனவரியில் கழற்றிப் பார்த்தால் கம்பி முழுக்கக் கரி, விரல் தடிமனில் கறுப்புப் பொருக்கு, தோசைக்கல்லில் தீய்ந்துபோன எண்ணெய் நாற்றம். அது தண்ணீர் சூடாக்குகிற எலிமெண்ட்.

இதை வாங்கும்போதே பிடிக்கலாம், டேப்பும் கால்குலேட்டரும் போதும். அசையாத ஹைட்ராலிக் எண்ணெய்க்குள் எலிமெண்ட்டின் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 வாட்டுக்கு மேல் கூடாது. 6,000 வாட்டுக்கு 3,000 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். 11 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் எலிமெண்ட் என்றால் சூடாகிற நீளம் எல்லா வளைவும் சேர்த்து 8.7 மீட்டர். எங்கள் டாங்கில் இருந்தது 2 மீட்டர். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8.7 வாட். தண்ணீருக்கு அது சரி, தண்ணீர் சூட்டை உடனே வாங்கிக்கொண்டு போய்விடும். கெட்டியான எண்ணெய் நகராது. கம்பியோடு ஒட்டியிருப்பது கருகி மேலங்கி மாதிரி படியும், உள்ளே கம்பி இன்னும் சூடேறும், டாங்கின் மற்ற பக்கம் பச்சைக் குளிராகவே இருக்கும். எண்ணெய் மட்டம் குறைந்தால் ஹீட்டரை நிறுத்தும் லெவல் ஸ்விட்சும் இணைக்கப்படவில்லை. பேப்பர் தூசி மிதக்கிற ஹாலில், எண்ணெய்க்கு வெளியே ஒரு சிவந்த கம்பி!

எத்தனை நேரத்தில் சூடாக வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1,100 லிட்டர் எண்ணெயை மைனஸ் 15-இலிருந்து பிளஸ் 15-க்குக் கொண்டுவர சுமார் 15 யூனிட் மின்சாரம். 6 கிலோவாட் ஹீட்டருக்கு இரண்டரை மணி நேரம், டாங்க் வெளியே இழக்கும் சூட்டையும் சேர்த்தால் மூன்றரை. காலை 6 மணி ஷிஃப்டுக்கு டைமரை இரண்டு மணிக்கு வைக்க வேண்டும். எங்களுக்கு ஐந்தரைக்கு வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

காற்று விஷயம். ஆப்டிகல் சார்ட்டரில் (பொருளைப் பார்த்து அடையாளம் கண்டு பிரிக்கும் இயந்திரம்) பொருளை ஊதித் தள்ளும் வால்வு வரிசைக்குப் போகும் காற்று துளி ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். ரெஃப்ரிஜரேட்டட் ட்ரையர் காற்றின் பனிநிலையை (ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) பிளஸ் 3 டிகிரிக்குத்தான் இறக்கும். சூடில்லாத ஹாலில் குழாய் ஓடினால் அந்த ஈரம் வால்வுக்குள் ஐஸாகும். அதனால்தான் இரட்டைக் கோபுர டெசிக்கன்ட் (ஈரம் உறிஞ்சும் மணி) ட்ரையர், மைனஸ் 40 பனிநிலை. பில்லில் ‘டெசிக்கன்ட் இரு கோபுரத்திலும் மாற்றம்’ என்று இருந்தது. ஒரு கோபுரத்துக்கு 60 கிலோ, 25 கிலோ மூட்டை என்றால் மொத்தம் ஐந்து மூட்டை. ஒரு காலி மூட்டையைக்கூட யாரும் பார்க்கவில்லை. கன்ட்ரோலரில் மணிக்கணக்கை மட்டும் பூஜ்யமாக்கியிருந்தார்கள். நிரப்பும் வாயைத் திறந்து ஒரு பிடி அள்ளினோம்: புது அலுமினா மணி வெள்ளையாக இருக்கும், இது தேநீர் நிறம். கம்ப்ரசர் எண்ணெய் குடித்துச் செத்த மணி, சூடாக்கினாலும் பிழைக்காது.

வால்வுகள் உறைந்ததும் போன் செய்தோம். வந்த ஆள் காற்றுக் குழாயில் ஆல்கஹால் ஊற்றினார். ஐஸ் கரைந்தது, உண்மைதான். அதோடு வால்வுக்குள் இருந்த கிரீஸும் கழுவிப் போனது, பாலிகார்பனேட் ஃபில்டர் கிண்ணத்தில் முடி மாதிரி விரிசல் ஓடியது. அழுத்தத்தில் இருக்கும் கிண்ணம் அது, முகத்துக்கு நேரே வெடிக்கும். ஆல்கஹால் பாட்டிலோடு வருபவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

சோதிக்க வேண்டியது இவ்வளவுதான். ட்ரையருக்குப் பின்னால் பனிநிலை மீட்டரைப் போட்டு 24 மணி நேரம் ஓட விடுங்கள். குழாய் சந்திக்கும் ஆகக் குறைந்த வெப்பநிலையைவிட அளவு குறைந்தது 10 டிகிரி கீழே நிற்க வேண்டும். கோபுரம் மாறும்போது வரும் ‘புஸ்’ சத்தத்தையும் கவனியுங்கள். மஃப்ளர் அடைத்திருந்தால் சத்தம் இழுக்கும், மணி உலராது. மணி மாற்றினார்கள் என்றால் பின் ஃபில்டரையும் மாற்றியிருக்க வேண்டும், புது மணியின் தூசி அங்கேதான் சேரும்.

கியர்பாக்ஸில் நடந்தது ஏமாற்று கூட இல்லை, சோம்பேறித்தனம். ஒரே டிரம் சிந்தெடிக் 220-ஐ எல்லா கன்வேயருக்கும் ஊற்றினார்கள். பெயர்ப்பலகையில் ‘சிஎல்பி எச்சி’ என்றால் பிஏஓ வகை சிந்தெடிக், ‘சிஎல்பி பிஜி’ என்றால் பாலிகிளைகால். பாலிகிளைகாலும் மற்ற எண்ணெய்களும் சேராது; கலந்தால் கஞ்சி மாதிரி கட்டியாகும். வார்ம் (திருகுப் பல்) கியர்பாக்ஸ்களில் பிஜி அதிகம் என்பதால் அங்கேதான் முதலில் அடி விழும். இரண்டு பெட்டியைத் திறந்து கழுவ வேண்டியதாயிற்று.

‘பெல்ட் டென்ஷன் சரிசெய்தல்’ என்ற வரியும் தண்டம். குளிரில் பெல்ட் வழுக்குவது டிரைவ் டிரம்மில் படியும் உறைபனியால். அதற்கு டென்ஷன் ஏற்றினால் பேரிங்தான் போகும். ஸ்கிரேப்பரைச் சரிசெய்து, ஷிஃப்ட் முடிந்ததும் பெல்ட்டைக் காலியாக 15 நிமிஷம் ஓட விட்டால் பாதித் தொல்லை தீரும்.

ஸ்பிரிங்க்ளர் வரியை யாரும் கவனிப்பதில்லை. சூடில்லாத ஹாலில் ட்ரை பைப்தான் (தண்ணீருக்குப் பதில் காற்று நிரம்பிய குழாய்) இருக்கும். அதன் தாழ்வான இடங்களில் தேங்கும் தண்ணீரைக் குளிருக்கு முன் வடிக்க வேண்டும். வடித்தாயிற்று என்று பில் சொன்னது, எங்களுக்கு அரை வாளி வந்தது. வடிப்பதற்கு முறை இருக்கிறது: வடிகுழாயின் மேல் வால்வை மூடி, பிறகு கீழ் வால்வைத் திறந்து, வடிந்ததும் கீழ் வால்வை மூடி, கடைசியாக மேல் வால்வைத் திறப்பது. இரண்டும் ஒன்றாகத் திறந்திருந்தால் காற்று வெளியேறி சிஸ்டம் டிரிப் ஆகும், குழாய் முழுக்கத் தண்ணீர் பாயும், மைனஸ் 20-இல் அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். லைசென்ஸ் உள்ளவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் வாளியோடு நில்லுங்கள்.

கான்ட்ராக்டரின் பதில் ஒன்றேதான்: ‘நாங்கள் ஓட்டிக் காட்டியபோது எல்லாம் நன்றாக இருந்ததே, நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களே.’ ஓட்டிக் காட்டிய அன்று வெளியே பிளஸ் 9. அந்த வெயிலில் சமையல் எண்ணெய் ஊற்றினாலும் பேலர் ஓடும்.

லேப் அறிக்கையைக் காட்டியதும் எண்ணெய்க்கான பணத்தையும் டெசிக்கன்ட் பணத்தையும் திருப்பித் தந்தார்கள். கெட்டுப்போன பம்புக்குத் தரவில்லை, கையெழுத்து இருந்தது. இந்த வருட ஒப்பந்தத்தில் நான்கு வரி சேர்த்திருக்கிறோம்: காலி டிரம்மும் மூட்டையும் எங்கள் ஆள் எண்ணும் வரை ஆலையை விட்டுப் போகக்கூடாது, ஒவ்வொரு எண்ணெயிலும் மாற்றிய மறுநாள் அரை லிட்டர் மாதிரி எடுத்து அவர்கள் செலவில் லேப் சோதனை, ஹீட்டரின் வாட் அடர்த்தி (சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை வாட்) எழுத்தில் வேண்டும், பில்லில் முப்பது சதவீதப் பாக்கி 12 மணி நேரம் நிறுத்திவைத்த பேலரை மைனஸ் 15-க்குக் கீழே உள்ள ஒரு காலையில் அவர்கள் ஆளே வந்து ஸ்டார்ட் செய்து காட்டிய பிறகுதான் கொடுக்கப்படும். விலை கேட்ட மூன்று பேரில் இரண்டு பேர் நாலாவது வரியைப் பார்த்ததும் திரும்பக் கூப்பிடவில்லை.